செருப்புக்கு ஆகும் தோல் பறைக்கு ஆகாதா?



ராக் மியூசிக் என்றால் கிதாரும் கூச்சலும்தான், அதில் அரசியல் எதுக்குப்பா என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. 1970-லேயே இங்கிலாந்தின் எட்கர் ப்ராட்டன் பேண்ட் 'அவுட் டீமன்ஸ் அவுட்' என்று கூட்டம் முழுவதையும் சேர்ந்து கத்த வைத்தது. அதிகாரத்துக்கு எதிரான கோஷமாகவே அது ஒலித்தது!

அவ்வளவு தூரம் போவானேன்? 2018 ஜனவரி 6-ல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய 19 பேர் குழு. கானா, ராப், ராக் மூன்றும் கலந்த இசை. கிதாருக்குப் பக்கத்திலேயே பறை! இட ஒதுக்கீட்டையும் சாதிக் கொடுமையையும் நேராகப் பாடினார்கள். அதில் பாடிய கானா இசைவாணி 2020-ல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். ராப் பாடிய அறிவு யாரு? நம்ம பழைய வேலூர் மாவட்டத்து அரக்கோணத்துக்காரர்தான்!

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ஆம்பூரில் பதனிட்ட தோல் ஷூவாகிக் கப்பல் ஏறினால் அந்நியச் செலாவணி. அதே தோலை வேப்பமரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, தீயில் காய்ச்சி அடித்தால், 'சாவு மேளம்' என்று முகம் சுளிக்கிறோம். தோலில் என்ன தீட்டு? தீட்டு பார்ப்பது சாதிதானே!

பாட விஷயமா இல்லை? டேனரிக் கழிவால் பாலாறு கெட்ட வழக்கில் 1996-ல் உச்சநீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் தூக்கத்திலேயே செத்துப் போனார்கள். அவர்களுக்காக நாம் ஒரு பாட்டாவது கட்டினோமா? ஆண்டு விழா மேடையில் சினிமா டூயட்டுக்கு மட்டும் ஒன்ஸ்மோர் கேட்கிறோம். சினிமாப் பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மட்டும் போதுமா என்றுதான் கேட்கிறேன்.

மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. அடுத்த ஆண்டு விழாவில் அரை மணி நேரம் நம்ம சொந்தப் பாட்டுக்கு ஒதுக்குங்கள். ஹாஸ்டலில் பெஞ்சைத் தட்டிக் கானா பாடுகிற கைகள் ஏராளம். அந்தக் கைகளில் ஒரு பறையைக் கொடுங்கள்.

ஷூ தைக்கத் தெரிந்த ஊருக்குப் பறை கட்டவும் தெரியும். அடிப்போம் நண்பர்களே... ஊர் கேட்கட்டும்!