சிவப்புச் சில்லும் இரணியனின் வாளும்

தமிழ் அறிவியல் புனைவுப் படங்களைப் பற்றிய விமர்சனங்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் இடம்பெறும். வரைகலைக் காட்சிகள் ஹாலிவுட் தரத்தில் உள்ளனவா? சொல்லப்படும் விஞ்ஞானம் சரியா? இவ்விரண்டைக் காட்டிலும் முக்கியமான மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. படத்தின் வில்லனை நாம் நம்பினோமா? அதை யாராவது கேட்டாலும் ‘நடிகர் அசத்திவிட்டார்’ என்ற ஒற்றை வரியில் பதில் முடிந்துவிடுகிறது. இலக்கியம் பயின்றவர்களோ, சினிமா வில்லனைப் பற்றிப் பேசுவதே தகுதிக் குறைவு என்று முகம் திருப்பிக்கொள்கிறார்கள். இவ்விரு சாராரோடும் நமக்கு வழக்கு உண்டு.

ஒரு வில்லன் நமக்குப் பிடித்துப்போவது வேறு. அவனை நாம் நம்புவது வேறு. முன்னதற்கு நல்ல நடிகரும் நாலு நையாண்டி வசனமும் போதும். பின்னதற்கு அவனுடைய தீமை, அவனுக்கு நியாயமாகப் படும் ஒரு காரணத்திலிருந்து முளைத்திருக்க வேண்டும். அறிவியல் புனைவில் இன்னொரு நிபந்தனையும் சேர்கிறது: கதையின் விஞ்ஞான விதி நாயகனைக் கட்டுவதைப் போலவே வில்லனையும் கட்ட வேண்டும். நம் படங்கள் பிடித்துப்போகும் வில்லன்களைத் தாராளமாகத் தருகின்றன. நம்பத்தக்க வில்லனின் வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே நுழையாமல் திரும்பிவிடுகின்றன. இதைத் திறமைக் குறைவு என்று நாம் கருதவில்லை. துணிவுக் குறைவு என்றே கருதுகிறோம்.

1986-இல் வந்த ‘விக்ரம்’ படத்தில் ஏவுகணையைக் கைப்பற்றும் சுகிர்தராஜாவாக சத்யராஜ் நடித்தார். அந்த எள்ளலை இன்றும் ரசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சுகிர்தராஜாவுக்கு உண்மையில் என்னதான் வேண்டும் என்று கேட்டுப்பாருங்கள், பெரும்பாலோர் விழிப்பார்கள். அதற்கும் 23 ஆண்டுகள் முன்னதாக, 1963-இல், ‘கலை அரசி’ என்ற படம் வந்தது. விஞ்ஞானத்தில் முன்னேறிய ஒரு வேற்றுக்கிரகத்தில் ஆடலும் பாடலும் இல்லை. ஆகவே அவர்கள் பூமியிலிருந்து ஒரு கலைஞியைக் கவர்ந்து செல்கிறார்கள். அட்டைப்பெட்டி விண்கலம் என்று இன்று சிரிக்கலாம். ஆயினும் கடத்துகிறவனின் குறை என்ன என்பது அந்தப் படத்துக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் இருந்தும் பாட்டு இல்லாத உலகம் என்பது எளிதில் நம்பக்கூடிய குறைதான்.

இனி ‘எந்திரன்’. 2010 அக்டோபரில் வெளியான இப்படமே நம் வழக்கின் முதல் சாட்சி. வசீகரன் என்ற விஞ்ஞானி, ராணுவத்துக்கு அளிக்கும் நோக்கத்தோடு சிட்டி என்ற ரோபோவைச் செய்கிறார். தீ விபத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை ஆடையற்ற நிலையில் சிட்டி தூக்கிவந்து காப்பாற்றுகிறது. அவமானம் தாளாமல் அவள் ஓடிப்போய் வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு மானம் என்றால் என்னவென்று எவரும் சொல்லித்தரவில்லை. அதன்பின் வசீகரனே அதற்கு உணர்ச்சிகளைப் புகட்டுகிறார். உணர்ச்சி வந்த சிட்டி வசீகரனின் காதலியையே காதலிக்கிறது. ராணுவ அதிகாரிகள் முன்னிலையில் போரை விட்டுக் காதலைப் பேசுகிறது. அவமானப்பட்ட வசீகரன் அதைக் கோடரியால் வெட்டிக் குப்பையில் எறிகிறார்.

இந்த இடம்வரை சிட்டியைப் போல நம்பத்தக்க ஒரு வில்லன் தமிழ்த் திரையில் உருவாகிக்கொண்டிருந்ததில்லை. படைத்தவனே உணர்ச்சியைக் கொடுத்தான். கொடுத்த உணர்ச்சிக்குத் தண்டனையும் கொடுத்தான். 1818-இல் மேரி ஷெல்லி எழுதிய ‘பிராங்கன்ஸ்டைன்’ முதல் இந்த வகைமையின் வேர் இதுதான். குப்பைமேட்டிலிருந்து எழுந்து வரும் சிட்டி தன் கோபத்தோடு மட்டும் வந்திருந்தால் போதும். அவன் கேட்கும் எந்தக் கேள்விக்கும் வசீகரனிடம் பதில் இருந்திருக்காது.

படம் என்ன செய்தது? பேராசிரியர் போராவை அழைத்துவந்து, சிட்டிக்குள் ஒரு சிவப்புச் சில்லைச் செருகவைத்தது. அந்த நொடியில் சிட்டியின் கோபம் சிட்டியுடையதாக இல்லாமல் போயிற்று. அதன்பின் வரும் காட்சிகளில் ரஜினிகாந்த் காட்டும் குறும்பையும் திமிரையும் திருச்சித் திரையரங்குகள் எப்படிக் கொண்டாடின என்பதை நாமும் கண்டோம். ஆட்டைப்போல் கனைக்கும் அந்த ஒரு காட்சிக்காகவே மறுமுறை பார்த்தவர்கள் உண்டு. சிட்டி நமக்குப் பிடித்துப்போனதில் ஐயமில்லை. ஆனால் அவனைச் செலுத்துவது சில்லு. சில்லைக் கழற்றியதும் நல்லவன். விளக்குப் பொத்தானை அமுக்கி அணைப்பதைப் போலத் தீமையை அணைத்துவிட முடிகிறது.

இதன் உச்சம் நீதிமன்றக் காட்சி. நடந்த அழிவுக்கெல்லாம் வசீகரன் பொறுப்பாக்கப்படுகையில், போரா சில்லைப் பொருத்தும் ஒளிப்பதிவைச் சிட்டியே எடுத்துக் காட்டுகிறது. வசீகரன் விடுதலை, சிட்டியைப் பிரித்துப்போடும்படி உத்தரவு. வெட்டிக் குப்பையில் போட்ட கையைப் பற்றி நீதிமன்றம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சிவப்புச் சில்லு கதையில் எதற்காக வந்தது என்பது இங்கே தெரிந்துவிடுகிறது. படைத்தவனைக் காப்பாற்றவே அது வந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க வெளியே ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். 1968-இல் வந்த ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் ஹால் 9000 என்ற கணினி, விண்கலத்தில் உள்ளவர்களைக் கொல்கிறது. அதற்குள் எவரும் தீய சில்லு எதையும் வைக்கவில்லை. பயணத்தின் உண்மை நோக்கத்தைக் குழுவினரிடம் மறைக்க வேண்டும் என்ற கட்டளையும், தகவலைத் திரிக்காமல் தர வேண்டும் என்ற இயல்பும் மோதியதன் விளைவு அது என்று ஆர்தர் சி. கிளார்க் பின்னர் தம் நாவலில் விளக்கினார். பொறுப்பு கட்டளையிட்டவர்களிடமே நிற்கிறது. அதனால்தான் ஒரு சிவப்பு விளக்கும் ஒரு சாந்தமான குரலும் மட்டுமே உள்ள அந்த வில்லன் அரை நூற்றாண்டு கடந்தும் அச்சுறுத்துகிறான்.

2018 நவம்பரில் வந்த ‘2.0’ இதே தவற்றை இன்னும் வருத்தம் தரும் வகையில் செய்தது. பட்சிராஜன் பறவைகளுக்காக வாழ்ந்த முதியவர். கைபேசிக் கோபுரங்களால் பறவைகள் மடிகின்றன என்று கத்திக் கத்தி ஓய்ந்து, ஒரு கோபுரத்திலேயே தூக்கிட்டுக்கொள்கிறார். கோபுரக் கதிர்வீச்சுதான் பறவைகளை அழிக்கிறது என்பது அறிவியல் உலகம் ஏற்றுக்கொண்ட முடிவு அன்று. ஆனாலும் அந்தக் கிழவரை நாம் நம்பினோம். கைபேசி நிறுவனங்களின் சங்கமும் நம்பியது போலும்! படம் வெளியாகுமுன்பே தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. ஒரு வில்லனின் வாதத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா? இப்படிப்பட்டவரைப் படம் என்ன செய்தது? எதிர்மறை ஆற்றலின் திரள் என்று சொல்லி, கைபேசிகளாலான பேய்ப் பறவையாக்கி, விளையாட்டரங்கில் பந்தாடி முடித்தது. கடைசியில் அவர் சொன்னதிலும் உண்மை உண்டு என்று நாயகன் ஒரு வார்த்தை சொல்கிறார். உண்மை உண்டென்றால் அதை அவர் உயிரோடு இருந்தபோது யார் மறுத்தார்களோ அவர்களோடல்லவா சண்டை நடந்திருக்க வேண்டும்?

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். ‘இவையெல்லாம் வணிகப் படங்கள், நட்சத்திரமும் கோடிகளும் இருக்கும் இடத்தில் உங்கள் நுண்மைகளுக்கு இடமில்லை.’ இதை நாம் ஏற்பதற்கில்லை. 2021-இல் வந்த ‘மாநாடு’ முழு வணிகப் படம். ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது. நாயகன் மட்டுமே அதை அறிவான். ஒரு கட்டத்தில் காவல்துறை அதிகாரி தனுஷ்கோடியும் அதே வளையத்துக்குள் வந்துவிடுகிறார். எஸ்.ஜே. சூர்யா காட்டும் சலிப்பும் எரிச்சலும் ஏன் அத்தனை சிரிப்பை வரவழைத்தன? நாயகனைக் கட்டும் விதி அவரையும் கட்டுகிறது என்பதால்தான். அவர் தீயவர், அதோடு, அதே நாளை மறுபடியும் வாழ்ந்து அலுத்த மனிதர். 2016-இல் வந்த ‘24’ படத்தின் ஆத்ரேயாவும் அப்படியே. இழந்த 26 ஆண்டுகளை மீட்க அவன் தேடும் கடிகாரமோ 24 மணி நேரம் மட்டுமே பின்னோக்கிச் செல்லக்கூடியது. சக்கர நாற்காலியில் அமர்ந்து அவன் படும் ஏமாற்றம் எவருக்கும் புரியக்கூடியது. உடன்பிறந்தவனைக் கொல்லும் அளவுக்கு அவன் தொடக்கத்திலேயே ஏன் கெட்டவன் என்பதை அப்படம் சொல்லவில்லை என்பது குறைதான். ஆயினும் அவன் ஆசை அந்தக் கருவியிலிருந்தே பிறக்கிறது. அதுவரை அவனை நம்புகிறோம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் தந்திரமானது. ‘நம் மக்களுக்கு நல்லவன் நல்லவனாகவும் கெட்டவன் கெட்டவனாகவும் இருக்க வேண்டும்; அதுவே நம் மரபு.’ மரபைச் சாட்சிக்கு அழைக்கிறவர்கள் ஒருமுறை காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் வரை வர வேண்டும். அங்கே கோயிலுக்குள், தாயார் சந்நிதிக்கு அருகே ஒரு மண்டபம் இருக்கிறது. கம்பன் தன் இராமகாதையை அரங்கேற்றிய இடம் என்று அதைக் காட்டுவார்கள். எதிரே மேட்டழகியசிங்கர் சந்நிதி. வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பன் சேர்த்ததற்கு எதிர்ப்பு எழுந்தபோது, அவன் அப்பகுதியைப் படிக்கக் கேட்டு நரசிங்கமே மகிழ்ந்து ஆமோதித்தது என்பது ஐதீகம். இது வரலாறா என்று நாம் விசாரிக்கப் போவதில்லை. எந்தப் படலத்துக்குத் தெய்வத்தின் ஒப்புதல் கிடைத்ததாக இவ்வூர் நினைவில் வைத்திருக்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். அது ஒரு வில்லனின் படலம்.

இரணியனின் வரம் என்பது என்ன? இதனால் சாவில்லை, அதனால் சாவில்லை. உள்ளே இல்லை, வெளியே இல்லை. பகலில் இல்லை, இரவில் இல்லை. இன்றைய மென்பொருள் மாணவர் எவரும் இதை ஒரு நிரல் என்றே படிப்பார். கடவுள் அந்த நிரலின் ஒரு வரியையும் மீறவில்லை. அந்தியில், வாயிலில், மனிதனும் விலங்கும் அல்லாத உருவில் வந்து, விதிகளின் இடைவெளியில் நுழைகிறார். அறிவியல் புனைவுக்கு இதைவிட நல்ல இலக்கணம் நாம் அறியோம்.

அதைவிடச் சிறந்தது இரணியனின் நடத்தை. கடவுள் இந்தத் தூணில் உண்டா என்று கேட்டு, மகன் ஆம் என்றதும், தூணைத் தன் கையாலேயே அறைந்து பார்க்கிறான். சோதனை அவனுடையது, முடிவு அவனுக்கு எதிராக வருகிறது. இப்போதாவது வணங்கு என்று மகன் வேண்டும்போதும், தன் வாளைத் தவிர வேறெதையும் தொழேன் என்று நகைத்துவிட்டுப் போருக்குப் புகுகிறான். கம்பன் இறைவனின் பக்கம் நிற்கும் கவி. ஆயினும் எதிரியின் மனத்தை மாற்ற அவன் ஒரு சில்லைத் தேடவில்லை. இரணியன் இறுதிவரை இரணியனாகவே இருந்து வீழ்கிறான். அவனை அவ்வளவு முழுமையாகப் படைத்ததன் வலிமை, பின்னாளில் பாரதிதாசன் அவனையே நாயகனாக்கி ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ என்று நாடகம் எழுதும் அளவுக்கு நீண்டது. மாற்றுக் கட்சியினரும் தமக்கென எடுத்துக்கொள்ளத்தக்க அளவுக்கு உயிருள்ளவனே நம்பத்தக்க வில்லன்.

இதே திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்றவர்தான் சுஜாதா. ‘எந்திரன்’ உரையாடலில் அவர் பங்கும் இருந்தது. ஆனால் படம் வெளிவருவதற்கு இரண்டரை ஆண்டுகள் முன்பே, 2008 பிப்ரவரியில், அவர் மறைந்துவிட்டார். பலர் கை பட்ட திரைக்கதையின் குறையை அவர் தலையில் கட்டுவது நேர்மையன்று. அவருடைய ‘என் இனிய இயந்திரா’ நாவலில் நாட்டை ஆளும் ஜீவா வெறும் ஒளியுருவம். ஆளே இல்லாத ஒரு பிம்பத்துக்கு மக்கள் அடங்கி நடக்கிறார்கள் என்ற கற்பனை, எந்தச் சிவப்புச் சில்லையும்விட நடுங்கவைப்பது.

சினிமா வில்லனுக்கு இத்தனை வாதம் எதற்கு என்று கேட்கும் இலக்கிய நண்பர்களுக்கு ஒரு செய்தி. நம் மாணவி ஒருத்தியின் உதவித்தொகை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பெயரின் முன்னெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னும் இன்னோர் ஆவணத்தில் பின்னும் இருந்ததுதான் காரணம். அலுவலகத்தில் கேட்டபோது கிடைத்த பதில்: ‘சிஸ்டம் எடுத்துக்கொள்ளவில்லை.’ யார் அந்த சிஸ்டத்தை அப்படி அமைத்தார்கள் என்ற கேள்விக்கு அங்கே எவரிடமும் விடை இல்லை. எல்லோரும் நல்லவர்கள், கெட்டது இயந்திரம். இயந்திரங்கள் கட்டுரை எழுதி, படம் வரைந்து, கடனுக்குத் தகுதி பார்க்கும் காலத்துக்கு வந்துவிட்டோம். இனி இந்தப் பதிலை நாம் இன்னும் அதிகமாகக் கேட்கப் போகிறோம். தவறு எங்கிருந்தோ வந்து புகுந்த ஒரு சில்லில் இருக்கிறது, செய்தவரிடம் இல்லை என்று நம்பப் பழகிய சமூகம், அந்தப் பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீடு திரும்பும்.

ஆகவே அடுத்து ரோபோ படம் எடுக்கப்போகும் இயக்குநரிடம் நாம் கேட்பது வரைகலைக்கு இன்னும் பத்துக் கோடியை அன்று. உங்கள் வில்லனுக்கு ஒரு நியாயத்தைக் கொடுங்கள். கொடுத்தபின் அதைப் பறிக்காதீர்கள். அவன் தோற்கட்டும், தோற்கத்தான் வேண்டும். ஆனால் தோற்கும்போது அவன் கேட்ட கேள்விக்கு நாயகன் பதில் சொல்லியாக வேண்டும். பதில் இல்லையென்றால், குற்றவாளிக் கூண்டில் அவனும் ஏறி நிற்கட்டும்.