எந்தக் கரண்டி?

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் முழுதும் வாசியுங்கள்.

போன கிழமை வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டில் மருந்து கொடுக்கிற தேக்கரண்டியைக் கொண்டுவரச் சொன்னோம். சிரிஞ்சால் தண்ணீர் விட்டு அளந்தோம். ஒரு கரண்டி 3 மில்லி பிடித்தது, இன்னொன்று 7 மில்லி! மருந்துக் கணக்கில் தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி. காய்ச்சல் பாணி போத்தலில் "1 கரண்டி" என்று மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். எந்தக் கரண்டி? அம்மா கொழுந்துக்குப் போன நேரம், பாட்டி கைக்கு அகப்பட்ட பெரிய கரண்டியில் ஊற்றினால் மூன்று மடங்கு. பரசிற்றமோல் அளவு மீறி நாள்கணக்கில் உள்ளே போனால் ஈரல் கெடும். குறைந்து போனால் காய்ச்சல் இறங்காது, பழி மருந்துக்கு.

"லயத்துச் சனம், படிப்பில்லை" என்று சொல்பவர்களோடுதான் எங்கள் சண்டை. பாட்டி என்ன தப்புச் செய்தார்? மில்லி எழுதாமல் விட்டவர் தப்பு அது. கரண்டியும் கப்பும் குசினி அளவுகள். அந்த அளவுகளிலேயே ஊறிப்போன அமெரிக்காவில்கூட, குழந்தை வைத்தியர்களின் சங்கம் குடிக்கும் மருந்துக்கு மில்லிலீற்றரில் மட்டும் எழுதச் சொல்லி 2015இல் அறிவித்துவிட்டது.

போனில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களே, போன் பெரும்பாலும் அமெரிக்க அளவைத்தான் காட்டும். கேலன் என்று தட்டினால் 3.785 லீற்றர் என்னும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தோட்டத்துப் பெரியவர்கள் சொல்கிற கேலன் 4.546 லீற்றர். பத்துக் கேலன் மருந்துத் தண்ணி கலக்கும்போது ஏழரை லீற்றருக்கு மேல் வித்தியாசம்.

ஆசிரியர்கள் நாங்களும் சுத்தமில்லை. 1000 மில்லி ஒரு லீற்றர் என்று பாடமாக்க வைத்தோம், ஒரு போத்தலைக் கையில் கொடுத்து அளக்க வைக்கவில்லை.

மருந்து வாங்கும்போது கேளுங்கள்: ஒரு தடவைக்கு எத்தனை மில்லி? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? எழுதித் தரும்வரை இடத்தை விட்டு நகராதீர்கள். பாமசியில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று கேட்டு வாங்குங்கள். வரி பார்க்கத் தெரியாதா? மருந்துத் துண்டோடு சிரிஞ்சையும் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். அதில் எழுதிய அளவுக்கு நகப்பூச்சால் கோடு போட்டு அனுப்புகிறோம்.