தடத்துக்கு மானியம், விமானத்துக்கு?

வட்டார விமானச் சேவைகளுக்கு மானியம் தரும் உடான் திட்டத்தின் முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லா–டெல்லி தடத்தில் பறந்தது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கைப்படி, முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கப்பட்ட 774 தடங்களில் 371 மட்டுமே சேவையைக் கண்டன. மானியம் கிடைக்கும் மூன்றாண்டு சலுகைக் காலத்தை நிறைவு செய்தவை 112. அதன் பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை வெறும் 54. ஓடுபாதை தயாராகவில்லை, பயணிகள் போதவில்லை என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. அவை பொய்யல்ல. ஆனால் முதல் சுற்றின் 128 தடங்களில் 84 தடங்களை ஏர் ஒடிசா, ஏர் டெக்கான் என்ற இரண்டே சிறு நிறுவனங்கள் பெற்றதையும், அவற்றில் பெரும்பாலானவை பின்னர் ரத்தானதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏலம் தடத்துக்கு நடந்தது. அதில் பறக்க விமானமும் உதிரிபாகமும் பொறியாளரும் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்வி ஏலத்துக்கு வெளியே நின்றது.

பிரேசில் இதை வேறு விதமாக அணுகியது. அந்நாட்டு விமானப்படையின் ஆய்வு மையத்தில் உருவான பண்டெய்ரான்ட்டே என்ற சிறுவிமானம் 1968இல் பறந்தது. அதைத் தயாரிக்க 1969இல் அரசு எம்பிரயர் நிறுவனத்தைத் தொடங்கியது. விமானப்படை 80 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 1975இல் நாட்டை ஐந்து மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு வட்டார நிறுவனத்தை அமர்த்தி, பயணக் கட்டணத்தில் 3 சதவீதம் கூடுதலாக வசூலித்து அவற்றுக்கு உதவினார்கள். அந்த நிறுவனங்கள் ஓட்டியதில் முக்கியமானது பண்டெய்ரான்ட்டே. பெருந்தடங்களில் தீர்வை வசூலித்துச் சிறுதடங்களைத் தாங்கும் முறை உடானிலும் உண்டு. இங்கே விடுபட்டது மண்டலமும் விமானமும்.

நம்மிடம் விமானமே இல்லை என்று சொல்ல முடியாது. அரசு நிறுவனமான எச்.ஏ.எல். 1980களிலிருந்து கான்பூரில் டோர்னியர் 228 சிறுவிமானத்தைத் தயாரித்து வருகிறது. அரசின் வட்டார விமான நிறுவனமான வாயுதூத் அதை ஓட்டியது. 1990களில் வாயுதூத் இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்தபின், கான்பூர் விமானங்கள் பெரும்பாலும் பாதுகாப்புப் படைகளுக்கே போயின. அலையன்ஸ் ஏர் 17 இருக்கை டோர்னியரைத் திப்ருகர்–பாசிகாட் தடத்தில் வணிகச் சேவைக்குக் கொண்டுவந்தபோது 2022 ஏப்ரல் ஆகிவிட்டது. அரசு ஆய்வகமான என்.ஏ.எல். வடிவமைத்த சரஸ் சிறுவிமானம் 2004இல் பறந்தது. 2009இல் அதன் விபத்தில் மூவர் உயிரிழந்தனர். மறுவடிவம் பறந்தது 2018இல். வடிவமைப்பவர், தயாரிப்பவர், ஓட்டுபவர், மானியம் தருபவர் நால்வரும் தனித்தனியே இயங்கும்போது, காத்திருக்கும் வாடிக்கையாளரின் நெருக்குதல் யாருக்கும் இருப்பதில்லை.

வெளிநாட்டுத் தயாரிப்பான ஏ.டி.ஆர். விமானம் குத்தகைக்குக் கிடைக்கும்போது உள்நாட்டு விமானம் எதற்கு என்று கேட்கலாம். எழுபது இருக்கைகள் நிரம்பும் தடத்தில் ஏ.டி.ஆர். பறக்கட்டும், பாசிகாட் போன்ற ஊர்களுக்கு அது பெரிது. உறுதியான ஆர்டர் தரமற்ற விமானத்தைக் காப்பாற்றிவிடும் என்ற அச்சம் இதைவிடக் கனமானது. எம்பிரயர் அதற்கு விடை: அமெரிக்கச் சான்றிதழ் பெற்று அந்நாட்டு நிறுவனங்களுக்கே விற்றது. உள்நாட்டு ஆர்டர் அதற்கு முதல் படி மட்டுமே. ஆகவே நம் ஆர்டரிலும் ஒப்படைப்புத் தேதி, உதிரிபாகக் கையிருப்பு, தவறினால் அபராதம் ஆகியவை எழுதப்பட வேண்டும். சாலையும் ரயிலும் வேகமெடுக்கும்போது சிறுவிமானம் தோற்கும் என்பதும் உண்மைதான். அதனால்தான் மலையும் ஆறும் கடலும் மறிக்கும் வடகிழக்கு, இமயமலை, தீவுப் பகுதிகளிலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்த ஏலம் தடத்துக்கு அல்லாமல் மண்டலத்துக்கு நடக்கட்டும். மூன்றாண்டுக்குப் பதில் பத்தாண்டு ஒப்பந்தம், அதில் விமானமும் பராமரிப்பும் சேர்ந்தே இருக்கட்டும். இந்தக் கோரிக்கையை அமைச்சகத்திடம் ஒரே குரலில் வைக்க வேண்டியது இத்துறையில் பணிபுரியும் நம் கடமை.