நன்கொடை வரி: யாருக்குச் சலுகை? யாருக்கு விசாரணை?

அமெரிக்காவில் தகப்பன் மகனுக்குப் பணம் கொடுத்தாலும் சர்க்காருக்கு வரி கட்ட வேண்டும் என்று சொல்லக் கேட்கிறோம். “அங்கே பணக்காரனைக்கூடச் சட்டம் விடுவதில்லை” என்று மெச்சுகிறவர்களும் உண்டு. சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது.

இறந்தவர் விட்டுச் செல்லும் சொத்தின் மீது அமெரிக்க மத்திய சர்க்கார் 1916-ல் வரி விதித்தது. பெருஞ்செல்வர்கள் சும்மா இருப்பார்களா? சாகுமுன்பே சொத்தைப் பிள்ளைகள் பேருக்கு மாற்றினால் வரி இல்லை என்று கண்டுகொண்டார்கள். அந்த ஓட்டையை அடைக்கவே 1924-ல் நன்கொடை வரி வந்தது. 1926-ல் அதை எடுத்தார்கள். பொருளாதார நெருக்கடி முற்றிய 1932-ல் மீண்டும் போட்டார்கள். அது இன்றும் இருக்கிறது.

இந்த வரியைக் கட்ட வேண்டியவர் கொடுப்பவர், வாங்குகிறவர் அல்ல. உச்ச விகிதம் நூற்றுக்கு 40. கடுமையான வரிதான் என்று தோன்றும். விலக்குகளைப் பாருங்கள்.

முதலாவது, வருஷ விலக்கு. 2026-ல் ஒருவர் ஒரு நபருக்கு 19,000 டாலர் வரை கொடுத்தால் வரி இல்லை. எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் இப்படிக் கொடுக்கலாம். கணவனுக்கு ஒரு கணக்கு, மனைவிக்கு ஒரு கணக்கு. மூன்று பிள்ளைகள், மூன்று மருமக்கள், நான்கு பேரக் குழந்தைகள் என்று பத்துப் பேர் உள்ள குடும்பத்தில் பெரியவர்கள் இருவரும் சேர்ந்து ஒரே வருஷத்தில் 3,80,000 டாலரைக் கைமாற்றிவிடலாம். அடுத்த வருஷமும் கொடுக்கலாம்.

இரண்டாவது, படிப்புக் கட்டணத்தை நேரே கல்லூரிக்கும், வைத்தியச் செலவை நேரே ஆஸ்பத்திரிக்கும் கட்டினால் வரம்பே கிடையாது. மூன்றாவது, அமெரிக்கப் பிரஜையான கணவனுக்கோ மனைவிக்கோ கொடுப்பதற்கும் வரம்பு இல்லை.

நான்காவதுதான் பெரிய விலக்கு. வருஷ வரம்பைத் தாண்டினாலும் உடனே வரி வராது. தாண்டிய தொகை ஆயுள் விலக்கில் கழிக்கப்படும். அது தீர்ந்த பிறகே வரி. உயிரோடிருக்கையில் கொடுப்பதற்கும், இறந்தபின் விட்டுச் செல்வதற்கும் சேர்த்து ஒரே விலக்கு. 1997-ல் அது 6 லட்சம் டாலர். 2025-ல் 1 கோடியே 39 லட்சத்து 90 ஆயிரம். பழைய சட்டப்படி 2026-ல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். ஜனாதிபதி டிரம்ப் 2025 ஜூலை 4-ல் கையெழுத்திட்ட சட்டம் அதைத் தடுத்து, 1 கோடியே 50 லட்சமாக உயர்த்திவிட்டது. கணவன் மனைவிக்குச் சேர்த்து 3 கோடி டாலர்!

உழைப்பாளியின் நிலை என்ன? மத்திய சர்க்காரின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-லிருந்து அது உயரவில்லை. இந்தக் கூலிக்கு வாரம் 40 மணி வீதம் வருஷம் முழுவதும் உழைத்தால் 15,080 டாலர். செல்வர் ஒரு பேரனுக்கு வரியின்றிக் கொடுக்கும் வருஷத் தொகையைவிட இது குறைவு!

சேமிப்பிலிருந்து மகளுக்கு வீடு வாங்க 25,000 டாலர் கொடுக்கும் தொழிலாளி நன்கொடை வரிக்கு அஞ்ச வேண்டியதில்லை. கூடுதலான 6,000 டாலருக்கு, அடுத்த ஏப்ரல் 15-க்குள் 709-ம் எண் படிவத்தில் கணக்குக் காட்டினால் போதும். அவருக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

முதுமையில் படுத்துவிட்டால் பராமரிப்பு இல்லத்தின் செலவை அவரால் தாங்க முடியாது. ஏழைகளுக்கான ‘மெடிக்கெய்டு’ உதவியைக் கேட்கிறார். பெரும்பாலான மாநிலங்களில் அதிகாரி கேட்கும் கேள்வி: “கடந்த 60 மாதங்களில் யாருக்கு என்ன கொடுத்தாய்?” மகளுக்குக் கொடுத்ததைக் கணக்கிட்டு, இத்தனை மாதத்துக்கு உதவி இல்லை என்கிறார்கள். “19,000 டாலர் வரை சட்டம் அனுமதிக்கிறதே” என்றால், அந்த விலக்கு வரிக்கு மட்டுமே, இங்கே செல்லாது என்பதுதான் பதில்.

கோடிகளைக் கைமாற்றுகிறவனுக்கு விலக்கு. ஆயிரங்களைக் கொடுத்த கிழவனுக்கு ஐந்து வருஷ விசாரணை! இரண்டும் ஒரே நாட்டின் சட்டங்கள். கோடிகளின் விலக்கைக் குறைத்து, அந்தப் பணத்தில் முதியோரைப் பராமரி என்று அந்நாட்டு உழைப்பாளிகள் கேட்பதே நியாயம். எந்த நாட்டிலும் ஒரு வரி யாரைத் தொடுகிறது என்றறிய விகிதத்தை மட்டும் பார்த்தால் போதாது. விலக்குப் பட்டியலையும் படிக்க வேண்டும்.