கல்விச் சுற்றுலாவில் கல்வி எங்கே?

பள்ளி விடுமுறை நெருங்கினால் பினாங்கில் ஒரு வழக்குத் தவறாமல் எழுகின்றது. பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வது கல்வியா, வெறும் களியாட்டமா என்பதே அது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மூத்தோர் சிலர், "காசைக் கரியாக்கும் வேலை" என்று தீர்ப்புக் கூறிவிடுவர். ஆசிரியர்களோ பேருந்தின் முகப்பில் 'கல்விச் சுற்றுலா' என்று பதாகை கட்டியதோடு கடமை முடிந்ததெனக் கருதுவர். இவ்விரு சாராரில் பின்னவர் செய்யும் பிழையே பெரிது.

ரோலர் கோஸ்டர் என்பது யாது? பெரும்பாலும் அது பொறி பூட்டாத வண்டி. சங்கிலி அதனை முதல் மேட்டின் உச்சிவரை இழுத்துச் சென்று விட்டுவிடுகின்றது. அதன்பின் ஓட்டுவது புவியீர்ப்பு ஒன்றே. உச்சியில் சேர்ந்த நிலையாற்றல் இறக்கத்தில் இயக்க ஆற்றலாகி, அடுத்த ஏற்றத்தில் மீண்டும் நிலையாற்றலாகின்றது. இடையே உராய்வும் காற்றும் தம் பங்கைப் பிடுங்கிக்கொள்வதால், அவ்வண்டி முதல் மேட்டைவிட உயர்ந்த மேட்டில் ஏற இயலாது. 20 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் வண்டி, உராய்வை ஒதுக்கிப் பார்த்தால், அடிவாரத்தில் மணிக்கு ஏறத்தாழ 71 கிலோமீட்டர் வேகம் பெறும். வண்டி நிறைய ஆள் இருப்பினும் ஒருவரே இருப்பினும் இக்கணக்கு மாறாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வியக்க வைக்க இஃதொன்று போதாதா?

இதன் வரலாறும் சுவையானதே. 1884-இல் நியூயார்க்கின் கோனித் தீவில் தாம்சன் என்பார் அமைத்த சறுக்குப் பாதையில், ஐந்து சென்ட் கொடுத்து ஏறியவர்கள் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில்தான் சென்றனர். 1895-இல் அத்தீவிலேயே தலைகீழாகச் சுழலும் பாதை ஒன்று வந்தது. அது சரியான வட்டம். ஆகவே வட்டத்துள் நுழையும் கணத்திலேயே விசை முழுவதும் தாக்க, ஏறியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினர். 1976-இல் கலிபோர்னியாவில் அமைந்த பாதைக்கு வெர்னர் ஸ்டெங்கல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர், மேலே குறுகிக் கீழே அகன்ற நீர்த்துளி வடிவில் சுழலை வரைந்தார். கழுத்து வலிக்கு மருந்து கணக்கில் கிடைத்தது!

கடல் கடந்து போகவும் வேண்டியதில்லை. தெலுக் பஹாங்கில் 2012-இல் திறக்கப்பட்ட எஸ்கேப் பூங்கா, பேரிரைச்சல் எந்திரங்களை நம்பாமல் மலையையும் மரங்களையும் துணைக்கொண்டு அமைந்தது. தண்டவாளத்தில் தொங்கியவாறு மரங்களினூடே வளைந்து செல்லும் விளையாட்டும் அங்குண்டு. 2019-இல் அது திறந்த நீர்ச்சறுக்குக் குழாயின் நீளம் 1,111 மீட்டர். அதற்குமுன் உலகச் சாதனையாக விளங்கிய ஜெர்மானியச் சறுக்கு 356 மீட்டரே. குழாயில் இறங்கி முடிக்க ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகும். வகுத்துப் பார்த்தால் மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர், மிதிவண்டி வேகம். அவ்வளவு பெரிய மலையிலிருந்து இறங்கியும் வேகம் ஏன் இவ்வளவு குறைவு? சரிவு, வளைவு, உராய்வு என்று விடை தேடப் பிள்ளைகளுக்கு ஒரு கைக்கடிகாரமும் பென்சிலும் போதும். ஆறாம் ஆண்டு அறிவியலில் விசையும் வேகமும் பாடங்களாகவே உள்ளன. ஆனால் அக்கேள்வியைக் கேட்க வேண்டியவர் நிழலில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதில் இழப்பு ஒரு நாள் பொழுது மட்டுமன்று. 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தது. அதனைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது, அதில் சேரத் தமிழ்ப்பள்ளிகள் சிலவும் முன்வந்தன. தமிழில் அறிவியல் ஏலாது என்ற எண்ணம் வெளியாரிடமிருந்து மட்டுமா வந்தது? சறுக்கி இறங்கிய பிள்ளை, "வயிறு மேலே வந்துவிட்டது, ஐயா" என்று நல்ல தமிழில் சொல்கிறது. எடையின்மை என்ற பாடத்தின் முதல் வரி அது. அடுத்த வரியைச் சொல்ல வேண்டிய ஆசிரியர், "போய்த் தண்ணீர் குடி" என்கிறார். மேடைதோறும் தமிழ் வாழ்க என முழங்குபவரும், திரும்பும் வழியில் திரைப்படப் பாடலை ஓடவிட்டுக் கண்ணயர்பவரும் பல வேளைகளில் ஒருவரே. மொழி நலிவுக்கு அமைச்சை மட்டும் குறை கூறுவது எளிது.

மூத்தோர் கூற்றில் ஓர் உண்மை உண்டு. நுழைவுச் சீட்டின் விலை எளிய குடும்பங்களுக்குச் சுமையே. கட்டணம் செலுத்த இயலாத பிள்ளை அன்று வீட்டில் இருக்கின்றது. மறுநாள் மற்றவர் கதை பேசும்போது வாய்மூடி இருக்கின்றது. அத்தகைய செலவைக் கேட்கும் பள்ளி, அதற்குரிய பாடத்தை நடத்தக் கடன்பட்டது. வராத பிள்ளைக்கும் அப்பாடம் வகுப்பறையில் கிடைத்தாக வேண்டும். சாய்த்து வைத்த ஒரு பலகையும் கோலிக்குண்டும் எந்தப் பள்ளியிலும் இல்லாமற் போகா.

கொடிமலை இரயில் 1923 முதல் இவ்வூரில் ஓடி வருகின்றது. 2011-இல் பெட்டிகள் புதியனவாக மாறியபோதும் தத்துவம் மாறவில்லை: கம்பியால் பிணைந்த இரு பெட்டிகளில் இறங்குவது தன் எடையால் ஏறுவதை இழுக்கத் துணை செய்கின்றது. மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளிலிருந்தும் எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் அதில் ஏறிப் படம் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கின்றனர். அவர்களுள் எத்தனை பேருக்கு அந்தக் கம்பியைச் சுட்டிக்காட்டினர்?