ஊகம் சாட்சியாகாது

தியானத்திற்கு: அப்போஸ்தலர் 28:1–6, உபாகமம் 19:15–19



'மர்ம தேசம்' தொடரை விசுவாசிகள் பார்க்கலாமா என்னும் கேள்வி ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக நம் சபைகளில் உலவி வருகின்றது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த அத்தொடர் 1990களில் சன் தொலைக்காட்சியில் வெளிவந்தது. அதன் ஆசிரியர் 2024 நவம்பரில் மதுரையில் காலமானபோது, அன்றைய இரசிகர்கள் மட்டுமல்ல, அத்தொடர் வந்த காலத்தில் பிறந்திராத பிள்ளைகளும் அதைத் தேடிப் பார்த்தார்கள். எடமலைப்பட்டி புதூரின் வாலிபர் கூடுகைகளிலும் அந்தப் பேச்சு எழுந்தது. அதிலும் குறிப்பாக 'விடாது கருப்பு' என்னும் பகுதியின் பேச்சு.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். தோட்டக்காரமங்கலம் போன்றதொரு மதுரைப் பக்கத்துக் கிராமம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே தவறு செய்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சாகிறார்கள். கருப்பசாமி வெள்ளைக் குதிரையில் வந்து தண்டித்தார் என்று ஊரார் நம்புகிறார்கள். தெய்வச் செயல் என்று ஊர் நம்பியதன் பின்னே ஒரு மனிதனின் பிளவுபட்ட மனம் இருந்தது என்று தொடர் இறுதியில் காட்டுகின்றது. அந்த இறுதிப் பகுதியைப் பற்றித்தான் இரசிகர்களின் விவாதம் ஓய்வதில்லை. துப்பு எந்த இடத்தில் விடப்பட்டது? யார் மீது முதலில் சந்தேகம் விழுந்தது? எல்லாவற்றையும் மனநோய் என்று சொல்லி முடித்துவிட முடியுமா, அல்லது மெய்யாகவே கருப்பு வந்ததா?

நம் ஊழியர்களில் சிலர் இதைக் கேட்டவுடன் தொலைக்காட்சிப் பெட்டியைச் சபிக்கிறார்கள். அந்நிய தெய்வத்தின் கதை, ஆகவே பிசாசின் கண்ணி என்று ஒரே வார்த்தையில் தீர்த்துவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்போடு நான் உடன்படவில்லை. கதை கேட்பதும், முடிச்சு அவிழ்வதைப் பார்த்து மகிழ்வதும் பாவமன்று. நம்மைக் கெடுப்பது கதை முடிந்த பின்பு நாம் செய்யும் காரியம். கதையில் பழகிய ஊகத்தை எழுந்து வந்து உயிருள்ள மனிதர் மீது எறிகிறோமே, அதுதான் பாவம். தேவனுடைய நாமத்தைச் சொல்லி அதைச் செய்வது அதனினும் பெரிய பாவம். இதைக் கண்டிக்கவே இவ்வாரம் எழுதுகிறேன்.

முதலாவது, 'விடாது கருப்பு' என்னும் நம்பிக்கை அந்தக் கிராமத்தாருக்கு மட்டும் உரியதன்று. அப்போஸ்தலர் 28ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். கப்பற்சேதத்தில் தப்பிய பவுல் மெலித்தா தீவில் விறகு பொறுக்கி நெருப்பில் போடுகிறார். விரியன் பாம்பு அவர் கையைக் கவ்விக்கொள்கிறது. அதைக் கண்ட தீவார் என்ன முடிவுக்கு வந்தார்கள்? இவன் கொலைபாதகன், கடலுக்குத் தப்பினாலும் பழி இவனை விடவில்லை என்று தீர்த்தார்கள். சற்று நேரம் சென்றது. அவர் சாகவில்லை. உடனே அவரைத் தேவன் என்றார்கள். இரண்டு தீர்ப்பும் தவறு. இரண்டும் தாங்கள் கண்ட ஒரு காட்சியிலிருந்து அவர்கள் தாங்களாகவே கட்டிய கதை. இத்தனைக்கும் அவர்கள் கொடியவர்கள் அல்லர். மழையிலும் குளிரிலும் நடுங்கிய அந்நியர்களுக்கு நெருப்பு மூட்டிக் கொடுத்த அன்புள்ளவர்கள். நல்லவர்களும் இவ்வளவு எளிதாகத் தவறான தீர்ப்புச் சொல்லுகிறார்கள் என்பதற்காகவே லூக்கா இதை எழுதிவைத்தார் என்று நான் எண்ணுகிறேன்.

இரண்டாவது, துப்பு. துப்பறியும் கதையின் இரசிகர்கள் தடயத்தைப் பெரிதாக மதிக்கிறார்கள். ஆனால் யோசேப்பின் சரித்திரத்தில் தடயங்கள் என்ன செய்தன என்று பாருங்கள். இரத்தத்தில் தோய்ந்த அங்கியைக் கண்ட யாக்கோபு, தன் மகனைத் துஷ்டமிருகம் தின்றது என்று முடிவு செய்தார். அது வெள்ளாட்டுக்கடாவின் இரத்தம். போத்திபாரின் மனைவியின் கையில் இருந்த வஸ்திரத்தைக் கண்டு, யோசேப்பு குற்றவாளி என்று வீட்டார் முடிவு செய்தார்கள். அவர் பாவத்தை விட்டு ஓடியதற்கு அதுவே அடையாளம். பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரம் அகப்பட்டது. அதை வைத்தவர்கள் யோசேப்பின் வீட்டாரே. ஒரே மனிதனின் வாழ்க்கையில் மூன்று தடயங்கள். மூன்றும் கண்ணால் கண்டவை, கையால் தொட்டவை. மூன்றும் பொய்யான முடிவுக்கு இழுத்தன. ஒரு பார்வை, ஒரு முகமாற்றம், ஒரு தாமதம் ஆகியவற்றைக்கொண்டு அயலானைத் திருடன் என்று தீர்க்கின்ற நாம் எம்மாத்திரம்?

நம் நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012 மார்ச் 29 அன்று, தில்லை நகரில் காலை நடைப்பயிற்சிக்குச் சென்ற தொழிலதிபர் ராமஜெயம் கடத்திக் கொல்லப்பட்டார். உள்ளூர்க் காவல்துறை விசாரித்தது. சிபிசிஐடி விசாரித்தது. சிபிஐ விசாரித்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2022இல், புதிதாக ஒரு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட வேண்டியிருந்தது. அதிகாரமும் ஆய்வுக்கூடமும் உடையவர்கள் அத்தனை ஆண்டுகள் தடுமாறிய காரியத்திற்கு நம் தேநீர்க் கடைகள் பத்து நிமிடத்தில் விடை சொல்லின. ஒவ்வொரு கடைக்கும் ஒரு விடை, ஒவ்வொரு விடைக்கும் ஒரு பெயர். ஒரு குடும்பத்தின் துக்கத்தை நாம் அடுத்த வாரப் பகுதிக்காகக் காத்திருக்கும் தொடரைப்போல் பேசினோம். இறந்தவருக்காகவும் அவருடைய வீட்டாருக்காகவும் அழுது ஜெபித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஆயினும் பெரியோர் வழக்கைப் பற்றிய வீண்பேச்சு அவர்கள் வாசலை எட்டுவதில்லை. சிறியோர் மீது விழும் சந்தேகமோ அவர்களுடைய அடுப்பை அணைத்துவிடுகின்றது. நம் தெருக்களில் நடப்பதைச் சொல்லுகிறேன். ஒரு வீட்டில் இரண்டு பவுன் சங்கிலி காணாமற்போகிறது. பீரோவின் அடியில் தேடுவதற்கு முன்பே, பாத்திரம் துலக்க வரும் சகோதரியின் முகம் நினைவுக்கு வருகிறது. நேற்று அவள் சீக்கிரம் போனாள். இன்று முகம் வாடியிருக்கிறது. போன மாதம் முன்பணம் கேட்டாள். இவையெல்லாம் துப்புகள் ஆகின்றன. வறுமையைத் தவிர வேறு எதற்கும் அவை சாட்சியல்ல.

அதற்குப் பிறகு நடப்பது இன்னும் வெட்கக்கேடு. வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பவனிடம் போகிறவர்களை அஞ்ஞானிகள் என்று நாம் இகழ்கிறோம். ஆனால் நம்மவர்கள் சிலர் அதே கேள்வியோடு 'வெளிப்படுத்திச் சொல்லும்' ஜெபவீட்டுக்குப் போகிறார்கள். அங்கே கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் சொல்லுகிறார்: எடுத்தது வெளியாள் அல்ல, வீட்டுக்குள் வந்து போகிறவர், ஒரு ஸ்திரீ. இதைச் சொல்ல அபிஷேகம் எதற்கு? எந்த வீட்டுக்கும் பொருந்தும் வாக்கியம் அது. காணிக்கை வாங்கிக்கொண்டு அவர் எழுந்து போய்விடுவார். அந்தச் சகோதரியோ மறுநாள் வேலை இழப்பாள். சொல் தெருவில் பரவும். நான்கு வீட்டில் வேலை செய்தவளுக்கு ஒரு வீடும் இராது. தொடரில் தவறாகச் சந்தேகிக்கப்பட்ட நடிகர் படப்பிடிப்பு முடிந்ததும் தம் வீட்டுக்குப் போகிறார். இவள் எங்கே போவாள்?

தேவன் மறைவானவற்றை வெளிப்படுத்துவதில்லையா, எலிசா கேயாசியைக் கண்டுபிடிக்கவில்லையா, பேதுரு அனனியாவையும் சப்பீராளையும் அறியவில்லையா என்று கேட்பீர்கள். நன்றாகக் கேளுங்கள், வேதத்தைத் திறந்துவைத்துக் கேளுங்கள். எலிசா கேயாசியை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். பேதுரு சப்பீராளிடம் நேரே கேட்டார்; மெய்யைச் சொல்ல அவளுக்குத் தருணம் கொடுத்தார். எதிரில் இல்லாத ஒருவரை மூன்றாம் மனிதரின் காதில் குற்றஞ்சாட்டவில்லை. எலிசா நாகமானின் காணிக்கையையும் மறுத்தவர். காணாமற்போன கழுதைகளுக்காகச் சவுல் சாமுவேலிடம் வந்தபோதும், அவை அகப்பட்டன என்று சொன்னாரே ஒழிய, இன்னான் திருடன் என்று சாமுவேல் ஒருவரையும் சுட்டவில்லை. இவ்வெல்லையைத் தாண்டிப் பேசுகிறவன் தீர்க்கதரிசி என்னும் பெயருக்கு உரியவன் அல்லன். அவன் செய்வது குறிசொல்லுதல். அதை மோசேயின் நியாயப்பிரமாணம் எப்படித் தீர்த்தது என்று உபாகமம் 18இல் வாசியுங்கள்.

நம் ஜெபக்கூட்டங்களும் தப்பவில்லை. வீண்பேச்சு என்று வெளியே நாம் விலக்குவது, உள்ளே 'ஜெபக்குறிப்பு' என்னும் பெயரில் வருகின்றது. அந்தச் சகோதரி எடுத்தாளாமே, அவள் மனந்திரும்ப ஜெபியுங்கள் என்கிறோம். ஜெபிக்கத் தொடங்கும் முன்னரே பத்துப் பேர் நடுவில் அவளைக் குற்றவாளி ஆக்கிவிட்டோம். அவளோ அங்கு இல்லை.

அப்படியானால் விசாரிப்பதே தவறா? அல்லவே அல்ல. வேதம் விசாரணையைக் கட்டளையிடுகிறது. ஒரே சாட்சியினால் ஒருவன் மேல் குற்றம் நிலைபெறக் கூடாது. இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும். நியாயாதிபதிகள் நன்றாய் விசாரிக்க வேண்டும். பொய்ச்சாட்சி சொன்னவனுக்கு அவன் பிறனுக்கு நினைத்த தண்டனையே வர வேண்டும் என்கிறது உபாகமம் 19. ஒரு மனிதனைக் கேட்டறியாமல் நம் பிரமாணம் தீர்க்குமா என்று பரிசேயர் நடுவில் கேட்ட நிக்கொதேமுவை யோவான் 7இல் காண்கிறோம். துப்பறியும் கதையின் மிகப் பழைய வேரும் இங்கேதான் இருக்கிறது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் தானியேலின் 13ஆம் அதிகாரமாக உள்ள சூசன்னாவின் சரித்திரத்தை, ஆங்கில எழுத்தாளர் டாரத்தி சேயர்ஸ் 1928இல் தாம் தொகுத்த துப்பறியும் கதைத் திரட்டில் சேர்த்தார். இரண்டு மூப்பர்கள் ஒரு குற்றமற்ற பெண்மீது பழி சுமத்துகிறார்கள். மூப்பர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சபை அவளை மரணத்திற்குத் தீர்க்கிறது. இளைஞன் தானியேல் எழுந்து, இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று கேட்கிறான். ஒருவர் ஒரு மரத்தைச் சொல்ல, மற்றவர் வேறொரு மரத்தைச் சொல்லுகிறார். பொய் வெளிப்படுகிறது. அந்த நூலை நம் சபைகள் வேதமாக ஏற்பதில்லை. ஆயினும் இந்தப் பாடத்தை ஏற்கத் தடையில்லை. அவன் ஊரோடு சேர்ந்து கல்லெடுக்கவில்லை. ஊர் தீர்த்துவிட்ட ஒருத்தியை விடுவிக்கவே கேள்வி கேட்டான். வாலிபரே, துப்பறிய ஆசையானால் தானியேலைப்போல் துப்பறியுங்கள்.

ஆகையால் மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். பொருள் காணாமற்போனால் முதலில் வீட்டைத் தேடுங்கள். அதன் பின் சந்தேகத்தின் பெயரைச் சொல்லாமல், நடந்ததை மட்டும் எழுதி எ.புதூர் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். விசாரிக்கும் அதிகாரத்தைத் தேவன் யாரிடம் வைத்தார் என்பதை ரோமர் 13 சொல்லுகிறது. இரண்டாவது, எதிரில் இல்லாதவரின் குற்றத்தை ஜெபக்குறிப்பாகச் சொல்லாதீர்கள், சொல்லுகிறவரை நிறுத்துங்கள். மூன்றாவது, அரிசிப் பானைக்குள் சங்கிலி அகப்பட்டால், ஸ்தோத்திரம் சொல்லி அதோடு விட்டுவிடாதீர்கள். எந்தெந்த வீட்டில் அவள் பெயரைச் சொன்னீர்களோ, அந்தந்த வீட்டுப் படியேறி, நான் பொய் சொன்னேன் என்று சொல்லுங்கள். அவளிடமும் சொல்லுங்கள், இழந்த கூலியையும் கொடுங்கள். சகேயு நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்தினான். நாம் ஒரு மடங்காவது செலுத்த வேண்டாமா?

கதையின் இரசிகர்கள் எல்லோரும் வெள்ளைக் குதிரையின் மேல் ஏறிக்கொள்கிறார்கள். குளம்பொலி அடுத்த வீட்டுக்குத்தான் என்று எண்ணுகிறார்கள். தாவீதும் அப்படியே நாத்தானின் கதையைக் கேட்டுக் கொதித்தார். ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்தவன் சாக வேண்டும் என்றார். அந்த மனிதன் தாமே என்று அறிந்தபோது அவருக்குப் பேச்சு இல்லை. பாவம் செய்தேன் என்ற ஒரு வார்த்தைதான் இருந்தது.

நம் ஆண்டவரோ குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் வரிசையில் நின்றார். அவருக்கு எதிராகச் சொன்ன சாட்சிகள் ஒன்றோடொன்று ஒவ்வவில்லை என்று மாற்கு எழுதுகிறார். சூசன்னாவுக்காக ஒரு தானியேல் எழுந்தான். இயேசுவுக்காக அந்த இரவில் ஒருவரும் எழவில்லை. இன்று நம் தெருவில் ஒரு சகோதரியின் பெயர் ஊகத்தால் இழுக்கப்படும்போது, நாம் எழாமல் உட்கார்ந்திருந்தால், அந்த ஆலோசனைச் சங்கத்தில் மௌனமாய் இருந்தவர்களோடு நாமும் எண்ணப்படுவோம்.

ஜெபம்: கர்த்தாவே, எங்கள் வாய்க்குக் காவல் வையும். ஊகத்தை உம்முடைய வெளிப்பாடு என்று சொல்லும் துணிகரத்திலிருந்து எங்களை விலக்கும். எங்கள் சொல்லால் வேலையிழந்தவர்களின் வாசலுக்கு நாங்கள் போகத் தைரியம் தாரும். பொய்ச்சாட்சியால் தீர்க்கப்பட்ட எங்கள் மீட்பரின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.