வரப்பில் நின்று தீர்ப்புச் சொல்லலாமா?

வயலில் பூச்சி விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் நம் மனத்தில் எழும் சித்திரம் என்ன? எள்ளைத் தூவினாற்போல் வயல் முழுவதும் பூச்சிகள் ஒரே சீராகப் பரவியிருப்பதாகவே எண்ணுகிறோம். பூச்சிகளுக்கோ அத்தகைய சமத்துவக் கொள்கை கிடையாது. ஓரிடத்தில் கும்பலாகக் கூடியிருக்கும். பத்தடி தள்ளிப் பார்த்தால் ஒன்றுகூட இராது. இந்த விஷயத்தில் குடியானவரின் கைப்பொருளும் நம் வீட்டு உலையரிசியும் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

நெற்பயிரின் பரம வைரியான புகையானை எடுத்துக்கொள்வோம். பழுப்பு நிறம், நெல்மணியைவிடச் சிறிய உடல். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பயிரின் அடியில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும். நீண்ட சிறகுள்ளவை காற்றோடு வந்து வயலில் இறங்குகின்றன. அவற்றின் சந்ததியில் குறுஞ்சிறகுள்ள பெண் பூச்சிகள் தோன்றுகின்றன. பறக்க இயலாத இவை, பிறந்த இடத்துக்கு அருகிலேயே இலையுறையைக் கீறி, அதனுள் நூற்றுக்கணக்கில் முட்டையிடுகின்றன. குஞ்சுகளும் அதிக தூரம் போவதில்லை. ஆகவேதான் வயலின் நடுவே பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்து, புகைந்தது போல் காட்சி தருகிறது. வரப்பில் நிற்பவர் கண்ணுக்கு அது படும்போது காரியம் மிஞ்சிப் போயிருக்கும்.

மற்றப் பூச்சிகளுக்கும் இவ்வாறே தனித்தனி ருசி உண்டு. இலைச்சுருட்டுப் புழுவுக்கு மரநிழல் விழும் பகுதியும், தழைச்சத்து மிகுந்து கரும்பச்சையாய்ச் செழித்த பயிரும் பிடிக்கும். கதிர் நாவாய்ப் பூச்சி வரப்புப் புல்லில் தங்கியிருந்து, பால் பிடிக்கும் கதிரை நாடி வரும்.

இதில் கணக்கும் அடங்கியிருக்கிறது. ஒரு வயலில் பத்துக் குத்துகளைப் பார்த்தால் குத்துக்கு 5 பூச்சிகள். இன்னொன்றில் ஒன்பது குத்துகளில் ஒன்றுமில்லை, பத்தாவதில் 50. இரண்டுக்கும் சராசரி ஒன்றே, நிலைமையோ வேறு. பூச்சிகளின் சராசரி உயர உயர, இடத்துக்கிடம் உள்ள வேறுபாடும் ஒரு விதிக்கு உட்பட்டே பெருகுகிறது என்று இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எல். ஆர். டெய்லர் 1961-இல் எடுத்துக்காட்டினார். ஓரிரு குத்துகளைப் பார்த்து முழு வயலின் தலைவிதியை நிர்ணயிக்கலாகாது என்பதே இதன் சாரம்.

சரி, என்ன செய்வது? வயலுக்குள் இறங்கிக் குறுக்காக நடந்து, பல இடங்களில் பயிரை விலக்கி அடிப்பாகத்தை நோக்கி எண்ண வேண்டும். தூருக்கு ஒரு புகையான் கண்டால் மருந்தை நினைக்கலாம் என்பது தமிழ்நாட்டு வேளாண்மைத் துறையினர் கூறும் வரம்பு. ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி காவலிருந்தால், தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். நடும்போதே எட்டடிக்கு ஓரடி ‘பட்டம்’ விட்டால் வெயிலும் காற்றும் உள்ளே புகும். இறங்கிப் பார்க்கவும் வழி கிடைக்கும்.

எண்ணாமல் மருந்தடித்தால் முதலில் மாள்வது அந்தச் சிலந்திதான். இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டைகளோ தப்பிப் பொரிக்கும். அப்போது அவற்றைத் தின்னக் காவலர் எவரும் இரார். இந்தப் பாடத்தைக் கற்ற இந்தோனேஷியா, 1986-இல் நெல்லுக்கு 57 வகை மருந்துகளைத் தடை செய்தது. 1989 முதல் குடியானவர்களை வயலிலேயே கூட்டி, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணப் பழக்கியது.

பட்டணத்தில் இருந்துகொண்டே, “உடனே மருந்தை அடித்துவிடு” என்று தொலைபேசியில் கட்டளையிடும் நிலச் சொந்தக்காரர்கள் நம் நேயர்களில் இருக்கக்கூடும். அவர்களுக்கு நமது விண்ணப்பம் ஒன்றே: “எத்தனை இடத்தில் எண்ணிப் பார்த்தாய்? சிலந்தி எத்தனை?” என்று முதலில் கேளுங்கள். அந்த இரண்டு கேள்விகளுக்குச் செலவு ஒன்றுமில்லை. வீணாய் அடிக்கும் மருந்துக்கோ பணமும் போகும், பயிரும் போகும்.